பெரட்டுத் தப்பும் மிடிப் பெட்டியும்

நம்ம தோட்டங்கள்ல தப்பு ரெண்டு வேலை பார்த்திருக்கு. காமன் கூத்து, திருவிழா, சாவு வீடுன்னு அடிச்சது ஒன்று. விடியக்காலையில லயத்து ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு வரச்சொல்லி அடிச்சது இன்னொன்று. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை இந்த விடியற்கால முழக்கத்தோடுதான் தொடங்குகிறார். அந்தத் தப்பு பாட்டுக்கானது இல்லை. "எழும்பு, வேலைக்கு வா" என்கிற செய்தி, அவ்வளவுதான்.

மிடியும் அப்படித்தான். பலர் நினைக்கிற மாதிரி மிடி வயர்ல சத்தம் போறதில்லை, செய்திதான் போகுது. 144, 60, 100 என்று மூன்று எண்கள் வந்தால், "முதல் சேனல்ல, நடு 'சி' கட்டையை, 100 அளவு வேகத்தில் அடி" என்று பொருள். அதைக் கேட்டுச் சத்தம் போடுவது எதிர்ப்பக்கம் இருக்கிற கருவியோ கணினியோதான்.

இது வருவதற்கு முன்னால் ஒரு கம்பெனியின் சிந்தசைசர் இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேசாது. ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியர் இகுதாரோ ககெஹாஷியும், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கர் டேவ் ஸ்மித்தும் பொது மொழி ஒன்று வேணும்னு நின்றார்கள். 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில், ப்ராஃபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரே வயரில் இணைத்துக் காட்டினார்கள். அந்த மொழிக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. அதற்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

அதே 1983இல்தான் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி.வி.யின் நூலும் வந்தது. மூன்று வருஷம் கழித்து, 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசையமைத்தார். மிடியும் நம்ம பாட்டும் ஒரே காலத்தில் அச்சேறியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

1991இல் வந்த ஜெனரல் மிடி பட்டியலைப் பாருங்க. 128 ஒலிகள். சித்தார் இருக்கு, ஷெனாய் இருக்கு, ஜப்பானின் டைக்கோ மேளமும் இருக்கு. தப்பு இல்லை.

மிடி இலவசமா இருந்ததாலதான் லயத்து அறையில உட்கார்ந்து நானும் ஒரு கன்ட்ரோலர் செய்ய முடிஞ்சுது. 2005இல் இத்தாலியில் ஆர்டுயினோ பலகை வந்த பிறகு இது பெரிய வித்தை இல்லை. யுஎஸ்பியில் நேரடியா மிடிக் கருவியாகத் தெரிகிற லியோனார்டோ வகைப் பலகை ஒன்று, பஸ்ஸர்ல வருகிற பீசோ தகடு நாலு, தகட்டுக்கு ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர். தட்டினால் பலகை 0 முதல் 1023 வரை ஒரு எண்ணைப் படிக்கும். மிடிக்கு 127 வரைக்கும்தான் தெரியும், அதனால எட்டால் வகுக்கணும். முதலில் ஒரு தட்டுக்கு ரெண்டு அடி விழுந்துது. தகடு அதிர்ந்து அடங்குற வரைக்கும், 30 மில்லிசெகண்ட், அடுத்த அடியைக் கவனிக்காதேன்னு எழுதினேன், சரியாச்சு. எல்எம்எம்எஸ் மாதிரி இலவச மென்பொருளில் இந்தப் பெட்டியை மிடி இன்புட்டாகத் தெரிவு செய்தால் போதும்.

பெட்டி வேலை செஞ்சுது. வந்த சத்தம்தான் வேற யாரோடதோ. எங்க லயத்துல தப்படிக்கிற மாமா கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. தப்பு எங்க?"ன்னார்.

மறுநாள் அவர் நெருப்புல தப்பைக் காய்ச்சிட்டு வந்தார். நடுவுல ஒரு அடி, ஓரத்துல ஒரு அடி, நீளக் குச்சியால ஒரு தட்டு, ரெண்டு குச்சியும் சேர்ந்து ஒன்று. நாலையும் போன்ல பதிஞ்சு, நாலு தகட்டுக்கும் கொடுத்தேன். அவர் விரலால தட்டிப் பார்த்துச் சிரிச்சார். பிறகு மெதுவா, "எம் மகன் இதைத் தொடமாட்டான். இதைத் தொட்டா என்ன சாதின்னு கேப்பாங்கன்னு பயம். லேப்டாப்புல வந்தா கேக்கமாட்டாங்க இல்ல?"ன்னார்.

என்கிட்ட பதில் இல்லை. கருவியை மாத்தினா அவமானம் போயிடும்னு சொல்ல எனக்கு வாய் வரல. அடிச்ச கையை மறைச்சிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்தா, தொரைக்குப் பெரட்டு அடிச்சுக் கொடுத்த காலத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அதனால அந்த நாலு ஒலிக்கும் கோப்புப் பெயர்ல அவர் பெயரையே போட்டேன், அவரைக் கேட்டுத்தான். உங்க தோட்டத்துலயும் தப்படிக்கிற பெரியவங்க இருப்பாங்க. பெட்டி செய்றதுக்கு முன்னால அவங்ககிட்ட போங்க.