பித்தப்பை, ஒரு பிரதமர், ஒரு மன்னர், பிறகு நாங்கள்

போன மாதம் ஒரு ராத்திரி. மணி இரண்டு இருக்கும். வீட்டம்மா எழுந்து உட்கார்ந்து வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயு என்றுதான் நினைத்தோம். ஓமத் தண்ணீர், ஜெலூசில், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் ஆயிற்று. வலி அசையவில்லை. விடிந்ததும் டாக்டர், மறுநாள் ஸ்கேன். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, பல. "வலி வருவது இது மூன்றாவது தடவை. பையை எடுத்துவிடுவதுதான் நல்லது. பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள்" என்றார் சர்ஜன்.

அன்று மாலையே திருநெல்வேலியிலிருந்து அம்மாவின் போன்.

"அவள இங்க கூட்டிட்டு வந்துருப்பா. அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா? ஒத்தையில நீ என்ன செய்வ?"

மும்பைக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. ரேஷன் கார்டு, கேஸ், பையனின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேதான். ஆனாலும் பிரசவம், ஆபரேஷன் என்று வந்தால் மனசு தானாகவே ஊர்ப்பக்கம் ரயில் ஏறிவிடுகிறது. வெளியூரில் இருக்கிற எல்லா வீட்டிலும் இந்தப் பஞ்சாயத்து ஒரு நாள் வரும். ஊரிலா, இங்கேயா?

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1989ல் அப்பாவுக்கு இதே ஆபரேஷன் மதுரையில் நடந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல், பத்து நாள் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் லீவு. எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். பீரோவில் அம்மாவின் நகைப்பெட்டி பக்கத்தில் அது ரொம்ப காலம் இருந்தது. (நகை அதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போயிருந்தது என்பது வேறு விஷயம்.)

நான் பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு கடன் விண்ணப்பம் வந்தால் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கிற புத்தி இருபது வருஷமாக ஊறிப்போனது. இந்த ஆபரேஷனின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்த்தேன்.

முதல் பக்கத்தில் இருப்பவர் பெர்லின் சர்ஜன் கார்ல் லாங்கன்புக். அவருக்கு முன்பு, 1867ல் அமெரிக்காவில் ஜான் பாப்ஸ் என்பவர் ஒரு பெண்ணின் பித்தப்பையைத் திறந்து, கற்களை எடுத்துவிட்டுப் பையை உள்ளேயே விட்டுத் தைத்தார். லாங்கன்புக் வேறு மாதிரி யோசித்தார். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, கல்லை உண்டாக்குகிற பையையே எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பையில்லாமல் மனுஷன் பிழைப்பானா? யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது, அவை நன்றாகத்தானே இருக்கின்றன! கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். பை அதைச் சேர்த்து வைக்கிற தொட்டி மட்டுமே. முதலில் பிணங்களில் செய்து பழகிக்கொண்டு, 1882 ஜூலை 15 அன்று, பதினாறு வருஷமாக வலியில் துடித்த 43 வயதுக்காரருக்கு ஆபரேஷன் செய்தார். மறுநாள் அவருக்கு ஜுரமில்லை. சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தாராம்!

அடுத்த பக்கம்தான் என்னை நிறுத்தியது. 1953. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன். அவருக்கும் பித்தப்பைக் கல். இந்த ஆபரேஷனில் நல்ல பழக்கமுள்ள சர்ஜன்களின் பெயர்களை அவருடைய டாக்டர் சொன்னார். ஈடனோ, முன்பு தனக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தவரே போதும் என்றுவிட்டார். தெரிந்த முகம். நாம் செய்வதும் அதுதானே?

ஏப்ரல் 12 அன்று லண்டனில் ஆபரேஷன். பையை எடுக்கும்போது பித்தநாளத்தில் காயம். பித்தப்பை போனால் உடம்பு சமாளிக்கும். பித்தநாளம் அப்படியில்லை, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகிற பிரதான வழி அது. அந்த மாதமே உயிரைக் காப்பாற்ற இரண்டாவது ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அதுவும் முழுசாகச் சரிசெய்யவில்லை.

அந்தச் சமயம் பித்தநாளத்தைச் சீர்செய்வதில் பேர்பெற்ற அமெரிக்கர் ஒருவர் லண்டன் வந்திருந்தார். பாஸ்டன் நகரத்து ரிச்சர்ட் கேட்டல். (தமிழில் எழுதும்போது பெயரே ஒரு பாடமாகிவிடுகிறது :-)) என் ஆட்களும் என் வசதிகளும் இருக்கிற பாஸ்டனில் செய்வதுதான் நல்லது என்றார் அவர். பிரதமர் சர்ச்சிலுக்கு இது பிடிக்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சர் கடல் கடந்துபோய் அறுத்துக்கொள்வதா என்ற கௌரவப் பிரச்சினை. கடைசியில் ஈடன் போனார். ஜூன் 10 அன்று ஆபரேஷன். உயிர் பிழைத்தார். அதே மாதம் 23ஆம் தேதி சர்ச்சிலுக்குப் பக்கவாதம். அடுத்த பிரதமர் என்று எல்லோரும் நினைத்தவர் அப்போது அமெரிக்காவில் படுக்கையில் இருந்தார்.

1955ல் ஈடன் பிரதமரானார். ஆனால் பித்தநாளம் அவரை விடவில்லை. அடிக்கடி அடைப்பு, ஜுரம். 1956ல் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி, நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தபோது, அக்டோபர் 5 அன்று ஈடனுக்கு 106 டிகிரி ஜுரம். அந்த மாதக் கடைசியில் சூயஸ் போர். 1957 ஜனவரியில் ராஜினாமா. உடல்நிலை அவருடைய முடிவுகளை எவ்வளவு பாதித்தது என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். அந்த வருஷமே அவர் மறுபடி பாஸ்டன் போய்க் கேட்டலிடம் இன்னொரு ஆபரேஷன் செய்துகொண்டார். அவரைச் சரிசெய்யத் தெரிந்த கை அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் இருந்தது.

மூன்றாவது பக்கம், ஈரான் மன்னர் ஷா. 1979 ஜனவரியில் நாட்டை விட்டுப் போனவர் எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்ஸிகோ என்று அலைந்து அக்டோபரில் நியூயார்க் சேர்ந்தார். உடம்பில் ஏற்கெனவே புற்றுநோய். வருஷக்கணக்காக ரகசியமாக வைத்திருந்ததால் புதிதாகப் பார்த்த டாக்டர்கள் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. அக்டோபர் 24 அன்று பித்தப்பையை எடுத்தார்கள். நாளத்தில் ஒரு கல் தங்கிவிட்டது. அதைப் பிறகு தனியாக எடுத்தார்கள். அவரை அமெரிக்கா உள்ளே விட்டதில் கொதித்து, நவம்பர் 4 அன்று டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் பணயக்கைதிகள். ஷா அங்கேயும் நிலைக்க முடியவில்லை. பனாமா, பிறகு கெய்ரோ. 1980 ஜூலையில் இறந்தார். பணம் இருந்தது, பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். ஒரே இடத்தில் இருந்து, ஒரே கையில் வைத்தியம் பார்த்துக்கொள்ளத்தான் வழியில்லை.

இனி நல்ல பக்கம். 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியில் எரிஷ் மூஹே என்பவர் முதன்முதலாக வயிற்றை அகலமாகக் கிழிக்காமல், லேப்ராஸ்கோப் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். சக டாக்டர்கள் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. பெருமை தாமதமாகத்தான் வந்தது. 1987ல் பிரான்ஸின் லியோன் நகரில் பிலிப் மூரே செய்தார், பிறகு அது உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் முதலில் செய்தவர் டாக்டர் தெஹெம்டன் உட்வாடியா. 1990ல், இதே மும்பையில், ஜே.ஜே. ஆஸ்பத்திரியில். பைகுல்லாவிலிருந்து கோட்டைப் பக்கம் ஆபீஸ் போகையில் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அப்பாவின் வயிற்றில் ஒரு சாண் தையல் போட்டதற்கு அடுத்த வருஷம்!

ஆனால் ஓட்டை சின்னதானதால் ஆபத்து போய்விடவில்லை. புது முறையை எல்லோரும் கற்றுக்கொண்டிருந்த ஆரம்ப வருஷங்களில் பித்தநாளக் காயங்கள் முன்பைவிடக் கூடின. 1995ல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கும் அவருடைய சகாக்களும் ஒரு விதியை எழுதினார்கள். சுருக்கமாகச் சொன்னால், சுற்றியுள்ள திசுவை நீக்கி, பைக்குப் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று கண்ணால் தெளிவாகப் பார்க்காமல் எதையும் வெட்டாதே. செக்கில் கையெழுத்தை ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதே என்பது மாதிரி.

இவ்வளவையும் படித்த பிறகு இரண்டு சர்ஜன்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டேன். இங்கே ஒருவர். ஊரில் ஒருவர், சித்தி பையன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினான், நான் போனில் பேசினேன். மாதத்துக்கு இதில் எத்தனை செய்கிறீர்கள்? நாளத்திலும் கல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? நாளத்தில் காயம் பட்டால் சரிசெய்வது யார்? வீட்டுக்கு வந்தபின் ராத்திரியில் ஜுரமோ மஞ்சள் காமாலையோ வந்தால் யாரைக் கூப்பிடுவது?

இருவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறப்பேன், அது தோல்வியில்லை என்று இருவருமே சொன்னது பிடித்திருந்தது. ஆக, ஊரா மும்பையா என்பது சர்ஜனின் திறமையைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் போயிற்று.

தீர்மானித்தது கடைசிக் கேள்விதான். ஊரில் செய்தால் பத்துப் பதினைந்து நாளில் பையனின் பத்தாம் வகுப்புக்காகத் திரும்பியாக வேண்டும். ஒன்றரை நாள் ரயில். நாளத்துத் தொந்தரவு சில சமயம் தாமதமாகவும் தலைகாட்டுமாம். அப்போது அறுத்த கை திருநெல்வேலியில் இருக்கும், வயிறு மும்பையில் இருக்கும். ஈடன் கதைதான். மனுஷர்களை இங்கே வரவழைக்கலாம். சர்ஜனை வரவழைக்க முடியாது.

ஷாவிடம் கற்றது ஒரு ஃபைல். ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, பழைய சிசேரியன் விவரம் எல்லாம் தேதி வாரியாக ஒரே இடத்தில். இன்ஷூரன்ஸையும் முன்பே படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஈடனையும் ஷாவையும் அவளிடம் சொல்ல முடியுமா? அறுத்தவர் பக்கத்திலேயே இருக்கணும்மா என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்பாவுக்குப் பண்ணினப்போ அந்த டாக்டர் தெனம் ரெண்டு வேள வந்து பாத்தாரு. அதுலதான் எனக்குத் தைரியமே" என்றாள். பிறகு, "சரி, அப்பன்னா நான் வாரேன். டிக்கெட்டு போடு. அவளுக்கு ரசஞ்சோறு குடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டு வை."

கேட்டு வைத்திருக்கிறேன். கொடுக்கலாமாம். அடுத்த வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அம்மா நாளைக்கு ரயில் ஏறுகிறாள்.