தாழிக்குள் நெல்மணி

நவம்பர் மாதம் இறந்தோரை நினைந்து செபிக்கும் மாதம். இரண்டாம் நாளன்று நம் கல்லறைத் தோட்டங்களில் புதர்கள் அகற்றப்படுகின்றன, கல்லறைகள் வெள்ளையடிக்கப்படுகின்றன, மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன, குருவானவர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கிறார். இறந்தவரோடு நமக்குள்ள உறவு அறுந்துபோகவில்லை என்னும் நம்பிக்கையையே இச்செயல்கள் யாவும் அறிவிக்கின்றன. இந்நம்பிக்கையை நமக்குத் தெளிவுற உரைத்தது நற்செய்தி. ஆயினும், நற்செய்தி இந்நாட்டில் ஒலிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த மக்கள் தம் இறந்தோரை எவ்வாறு வழியனுப்பினார்கள் என்பதை, அவர்கள் புதைத்த பொருள்கள் இன்று நமக்கு எடுத்துரைக்கின்றன. அப்பொருள்களின் சாட்சியத்திற்குச் செவிசாய்ப்பது இம்மாதத்திற்கு ஏற்ற சிந்தனையாகும்.

ஆதிச்சநல்லூர் மேடு

தூத்துக்குடி மாவட்டத்தில், திருவைகுண்டத்திற்கு அருகில், தாமிரபரணியின் தென்கரையில் உள்ளது ஆதிச்சநல்லூர். ஊரை அடுத்து 114 ஏக்கர் பரப்பில் ஒரு மேட்டு நிலம் விரிந்து கிடக்கிறது. கல்லும் சரளையுமான அந்நிலம் உழவுக்கு உதவாதது. ஆற்றுநீர் பாயும் நன்செய்யை வாழ்வோருக்கு வைத்துக்கொண்டு, மேட்டை இறந்தோருக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்.

1876ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் டாக்டர் ஜாகோர் இம்மேட்டைத் தோண்டினார். அவர் கண்டெடுத்த பொருள்கள் பெர்லின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்னும் தொல்லியல் அலுவலர் விரிவான அகழ்வு நடத்தினார். அவர் சேகரித்த பொருள்களின் பட்டியல் 1915இல் நூலாக வெளிவந்தது. அப்பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்து, 2004, 2005 ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த இரு மாதிரிகள் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராயப்பட்டு, ஒன்றின் காலம் கி.மு. 905, மற்றொன்றின் காலம் கி.மு. 696 என 2019இல் அறிவிக்கப்பட்டது. திருவிவிலியத்தின் கணக்கில் சொல்வதானால், முன்னது சாலமோனுக்குப் பின் இஸ்ரயேல் அரசு இரண்டாகப் பிரிந்திருந்த காலம். பின்னது எசேக்கியா மன்னன் எருசலேமில் ஆண்ட காலம்.

தாழிக்குள் இருந்தவை

முதுமக்கள் தாழியைப் பற்றி நம் ஊர்களில் ஒரு கதை உண்டு. வயது முதிர்ந்து, உடல் சுருங்கி, சாவும் வராமல் கிடந்த முதியவர்களை விளக்கும் உணவும் வைத்துத் தாழிக்குள் உயிரோடு இறக்கிவிடுவார்கள் என்பது அக்கதை. நம்மில் பலர் சிறுவயதில் இதைக் கேட்டு அஞ்சியதுண்டு. ஆனால் தாழிகள் வேறொன்றைச் சொல்கின்றன. சிலவற்றில் குந்தியமர்ந்த நிலையில் முழு எலும்புக்கூடு இருந்தது. வேறு பலவற்றில், முன்பே சிதைந்துபோன உடலின் எலும்புகள் சில மட்டும் திரட்டி வைக்கப்பட்டிருந்தன. உயிரோடு கைவிடப்பட்டவர்கள் அல்லர் இவர்கள், இறந்தபின்னும் கைவிடப்படாதவர்கள். மண்ணில் கிடந்த எலும்பை ஒருவர் மீண்டும் தேடி எடுத்து, தாழியில் சேர்த்து, அடக்கம் செய்திருக்கிறார்.

அந்த அடக்கம் எளிய வேலையன்று. தாழியை இறக்குவதற்குப் பாறையைக் குடைந்து குழி அமைத்திருக்கிறார்கள். தாழியின் உள்ளும் புறமும் சிறு சிறு மண்கலங்களை வைத்திருக்கிறார்கள். வாள், ஈட்டி, மண்வெட்டி போன்ற இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்க நிறுத்தப்பட்டிருந்தன. துக்கம் கொண்டாட வந்தவர்கள் அவற்றை மண்ணில் ஊன்றிச் சென்றிருக்கலாம் என ரீ கருதினார். எருமை, மான், சேவல் ஆகிய உருவங்களால் அணிசெய்யப்பட்ட வெண்கல மூடிகள் கிடைத்தன. நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்கள் சில கிடைத்தன. அவற்றின் இரு முனைகளிலும் கயிறு கோக்கத் துளைகள் உண்டு. வெண்கலத்திற்கு வேண்டிய செம்பும் வெள்ளீயமும் அந்த ஆற்றங்கரையில் விளைபவை அல்ல, தொலைவிலிருந்து வரவேண்டியவை. ஆகவே அம்மக்கள் உழவும், உலோகத் தொழிலும், வெளியுலகத் தொடர்பும் உடையவர்கள் என்று அறிகிறோம்.

கலங்கள் சிலவற்றில் நெல், தினை வகைகளின் உமியும் காணப்பட்டது. ஆதிச்சநல்லூருக்கு அண்மையில் ஆற்றின் வடபுறமுள்ள சிவகளையிலும் தாழி ஒன்றில் உமி நீங்காத நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1155 என 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த நெல் தாழிக்குள் காத்துக்கிடந்திருக்கிறது.

நெல் சொல்லும் செய்தி

தாழிக்குள் விசுவாசப் பிரமாணம் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. இறந்தவர் எங்குச் செல்கிறார் என்று அம்மக்கள் சொன்ன சொற்கள் காற்றோடு போயின. நமக்கு எஞ்சியிருப்பவை அவர்களுடைய செயல்களே. ஆயினும் செயலுக்கும் ஒரு மொழி உண்டு. பசியோடு வாழும் குடியானவன் ஒருவன், தன் பிள்ளைகள் உண்ணக்கூடிய நெல்லை, விதையாகக்கூடிய நெல்லை, மண்ணுக்குள் வைத்து மூடுகிறான். திரும்ப எடுக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. இறந்தவர் வெறும் எலும்பு என்று அவன் நினைத்திருந்தால் இதைச் செய்திருப்பானா? அவருக்கு இன்னும் பசி உண்டு, வழி உண்டு, தேவை உண்டு என்னும் உணர்வே அவன் கையை நீட்டச் செய்தது.

பிற்காலத்துச் சங்கப் புலவர்களும் தாழியை அறிவார்கள். புறநானூற்றின் 256ஆம் பாடலில், வழியிடையே கணவனை இழந்த பெண் ஒருத்தி குயவனிடம், தானும் உடன் அடங்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். அன்பு சாவோடு முடிந்துவிடுவதை ஏற்க மறுக்கும் மனித நெஞ்சத்தை அங்கும் காண்கிறோம்.

இம்மக்களை நாம் எவ்வாறு நோக்குவது? அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லர். கிறிஸ்துவின் பெயரைக் கேட்கும் வாய்ப்பே அவர்களுக்கு இருந்ததில்லை. முன்னோரை இருளில் கிடந்தவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடையே இருந்ததுண்டு. திருச்சபையின் போதனை அவ்வளவு குறுகியதன்று. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின், இறைவார்த்தையின் விதைகள் எல்லா மனிதரிடத்தும் தூவப்பட்டிருப்பதாகக் கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடுகளில் இக்கருத்தைப் புதுப்பித்தது. சாவு என்ன, அதற்கு அப்பால் என்ன என்னும் கேள்வி எக்காலத்து மனிதரின் உள்ளத்தையும் அலைக்கழிப்பது என்றும் அது எடுத்துக்காட்டியது. தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்கள், நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடுவார்களாயின், அவர்களும் மீட்படைய முடியும் என்பது 1964இல் அதே சங்கம் தந்த போதனை.

விதை என்னும் உவமையை நம் ஆண்டவரே கையாண்டார். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைத் தம் சாவுக்கும் உயிர்ப்புக்கும் அடையாளமாக்கினார். உடலின் உயிர்ப்பைக் கொரிந்து நகரத்தார்க்கு விளக்க வந்த புனித பவுலும் விதைக்கப்படும் மணியையே எடுத்துக்காட்டினார். தாமிரபரணிக் கரையின் உழவன் தாழிக்குள் நெல்லை வைத்தபோது இவற்றை அறிந்திலன். ஆயினும் அவன் நெல்மணியால் எழுப்பிய வினாவுக்குக் கல்வாரியிலும் வெறுமையான கல்லறையிலும் இறைவன் விடையளித்தார் என்று சொல்வது மிகையாகாது.

நம் கல்லறைகளின் சாட்சியம்

இறந்தவரை அடக்கும் விதம் வாழ்பவரின் உள்ளத்தைக் காட்டிவிடுகிறது. இந்த உண்மை நம்மையும் விட்டுவைக்காது. இன்னும் மூவாயிரம் ஆண்டுகள் கழிந்து ஒருவர் நம் கல்லறைத் தோட்டங்களை அகழ்ந்தால் என்ன காண்பார்? சிலுவைகளைக் காண்பார், செபமாலை மணிகளைக் காண்பார், உயிர்ப்பை நம்பிய மக்கள் இவர்கள் என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்வார். ஆனால் சில ஊர்களில் அவர் ஒரு சுவரின் அடித்தளத்தையும் காண்பாரே! சுவரின் இப்பக்கம் ஒரு சாதியார், அப்பக்கம் இன்னொரு சாதியார். ஒரே அப்பத்தை உண்டவர்கள் எலும்பான பின்னும் ஏன் பிரிக்கப்பட்டார்கள் என்று அவர் திகைப்பார். சிலுவையையும் சுவரையும் ஒரே மக்கள் எழுப்பினார்கள் என்று அவரால் நம்ப முடியுமா?

ஆதிச்சநல்லூரிலும் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். எல்லாத் தாழியிலும் பொன் பட்டம் இல்லை. ஆனால் பொன் வைத்த தாழியும் மண்கலம் மட்டும் வைத்த தாழியும் ஒரே மேட்டில்தான் உள்ளன. உரோமையில் புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறையில் திருத்தந்தையர் பலரும் எளிய விசுவாசிகளும் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டனர். நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியினரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரை ரீ அகழ்ந்து முடித்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. இடமும் அதே திருநெல்வேலிச் சீமை. ஆலயத்தில் இடிந்த சுவர் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நிற்கவேண்டும் என்பதற்கு எந்த மறையுரையிலும் நியாயம் கிடைக்காது.

ஆகவே இந்த நவம்பரில் மெழுகுதிரி ஏற்றச் செல்லும்போது இரண்டு காரியங்களை மனத்திற்கொள்வோம். நம் குடும்பத்தாரோடு, பெயர் தெரியாத நம் தொல் முன்னோரையும் இறைவனின் இரக்கத்திற்கு ஒப்புக்கொடுப்போம்; அவர்களும் நம் மண்ணின் மக்களே. அடுத்து, நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை ஏதேனும் எஞ்சியிருந்தால், அதைப் பங்குப் பேரவையில் துணிந்து பேசுவோம். சுவருக்கு அப்பாலிருக்கும் கல்லறையிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவோம்.