திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம்

அகில இந்திய வானொலியின் தமிழ் நிலையங்களில் காலத்தால் இரண்டாவது திருச்சி நிலையம். சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் ஒலிபரப்பைத் தொடங்கின. பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் மூன்றும் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. எல்லைகள் இப்படி மாறினாலும், இந்த வட்டாரத்து மக்களுக்கு ‘நம்ம ரேடியோ’ திருச்சிதான்.

1947இல் விடுதலை பெற்ற இந்தியாவிடம் இருந்த நிலையங்கள் ஆறே: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. மற்ற ஐந்தும் தலைநகரங்கள். அந்த வரிசையில் காவிரிக்கரை ஊர் ஒன்று இடம்பெற்றது பெரிய பேறு.

இசைக் கச்சேரியும் நாடகமும் புகழ் தேடித் தந்தன. ஆயினும் கிராமங்களோடு நிலையத்தைப் பிணைத்தது பேச்சுதான். வீட்டில் ரேடியோ வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் அது. அந்தக் கட்டணம் 1980களில்தான் ஒழிந்தது. வசதியற்றவர்கள் மாலையில் பஞ்சாயத்து ரேடியோவின் முன் கூடினார்கள். டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி, மாநிலச் செய்தி, வானிலை, விலை நிலவரம், உரை, உரைச்சித்திரம் என எழுத்தறியாதவருக்கும் உலகம் காதுவழி வந்து சேர்ந்தது.

1966இல் சில நிலையங்களில் தொடங்கப்பட்ட பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவு இந்தப் பேச்சுக்கு ஒழுங்கான வடிவம் தந்தது. வேளாண்மை தெரிந்த அலுவலர்களே நிகழ்ச்சிகளை அமைத்தார்கள். வயலுக்குப் போய் விவசாயியின் பேச்சைப் பதிவுசெய்வது, வல்லுநரிடம் கேள்வி கேட்பது, கேட்போர் கடிதங்களுக்கு விடை சொல்வது ஆகியவை நடைமுறையாயின. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஏடிடீ 27 என்னும் குறுகிய கால நெல் ரகத்தைத் திருச்சி வானொலி இடைவிடாமல் எடுத்துச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விதைக்கு ஒலிபரப்பின் பெயரையே சூட்டியதைவிடப் பெரிய பாராட்டு ஒரு வானொலிக்குக் கிடைத்திருக்க முடியாது.

அந்தப் புகழ் நஞ்சைக்குப் போனது. ஆனால் பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் முழுதும் நஞ்சை அல்ல. கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கம் நெல் விளையும். அங்கிருந்து வடகிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம் போனால் முந்திரிக் காடு. பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மானாவாரி விவசாயிக்கு மழை பற்றிய ஒரு வரி, புதிய ரகம் பற்றிய அரை மணி நேர உரையைவிட அவசரம். ஒரே அலைவரிசை ஆற்றுப் பாசனத்துக்கும் வானம் பார்த்த பூமிக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. இந்த நிலையத்தின் கடினமான பணி இதுவே. ரேடியோ நெல்லைப் பற்றி எழுதியவர்கள் புன்செய்க் கேட்போரைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள்.

பஞ்சாயத்து ரேடியோவின் முன் உட்கார்ந்து கேட்ட தலைமுறையில் பலர் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும், கேட்டபின் விதைத்ததையும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்து ஆசிரியர்களும் மாணவர்களும் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.