காவிரிக் கரையில் ஒரு பைக்கும் இரண்டாயிரம் வருடக் கணக்கும்

பைக்கில் தனியாக ஊர் சுற்றுவது என்றாலே நம் பசங்களுக்கு லடாக்தான் ஞாபகம் வரும். அதற்குப் பணம் வேண்டும், லீவு வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும். பி.காம். படிக்கிறவனுக்கு மூன்றுமே பற்றாக்குறை :-) ஆனால் ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு அதன் போக்கிலேயே கடல் வரை போகும் வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டூரில் ஆரம்பித்து பவானி, ஈரோடு, கொடுமுடி, கரூர், திருச்சி, கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். மொத்தம் 350 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவின் பழைய ஸ்பிளெண்டரில் மூன்று நாளில் முடித்தேன்.

பயணக் கட்டுரை எழுதுவது என் நோக்கமில்லை. இட்லி எங்கே நன்றாக இருந்தது என்பதெல்லாம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். இந்தச் சாலையின் வரலாறுதான் விஷயம். அதிலும் ஒரு கேள்வி: இவ்வளவு காலமாக இந்த ஆற்றை யார் காப்பாற்றி வந்தார்கள்?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வழியில் பல இடங்களில், அதுவும் கல்லணைக்குக் கீழே, வண்டி ஓடுவது ஆற்றங்கரையின் மேலேயேதான். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கீழே வயல். கரை முதலில் வந்தது, சாலை பிறகு வந்தது. வெள்ளம் வயலுக்குள் புகாமல் இருக்க மண்ணைக் கொட்டி உயர்த்திய மேட்டின் மேல்தான் நாம் நாலாவது கியரில் போகிறோம். ஆங்கிலத்தில் கரைக்கும் வங்கிக்கும் ஒரே சொல் என்பது வணிகவியல் மாணவனுக்குச் சும்மா விட முடியாத பொருத்தம்.

வங்கி என்றால் மேட்டூரைத்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் டெபாசிட், பாசனத்துக்கு வித்டிராயல். கர்னல் எல்லிஸ் வடிவமைத்த அணை இது. 1925ல் வேலை ஆரம்பித்து, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்தார்கள். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வைக்கப்பட்டது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் மேலே இருக்கிற மைசூர் சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 1924ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் ஐம்பது வருடம் கழித்துச் சண்டை பெரிதானது.

வங்கிக்கு இடம் கொடுத்தவர்களையும் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்தில் பல கிராமங்கள் மூழ்கின. தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் போகும். டெல்டாக்காரர்களுக்கு அந்தக் காட்சி கெட்ட செய்தி, அணையில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

மேட்டூரிலிருந்து அம்மாபேட்டை வழியாக பவானி போகும் சாலை ஆற்றை ஒட்டியே இறங்குகிறது. நடுநடுவே கதவணைகள், அவற்றில் நீர்மின் நிலையங்கள். பவானியில் கூடுதுறை. இங்கே பவானி ஆறு காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன்னால் காலிங்கராயன் வாய்க்கால் பிரிகிறது. 13ம் நூற்றாண்டில் வெட்டியது. சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. வெட்டிய காலிங்கராயன், "சொந்த லாபத்துக்காக வெட்டினான்" என்ற பேச்சு வரக்கூடாது என்று, தன் வம்சத்தார் யாரும் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக்கூடாது என்று சபதம் செய்ததாகக் கொங்கு நாட்டில் சொல்கிறார்கள். ஆடிட்டிங் பேப்பரில் இதை உதாரணமாக எழுதினால் மார்க் கொடுப்பார்களா தெரியவில்லை :-)

கரூரைத் தாண்டியதும் ஆறு அகலமாகிறது, அகண்ட காவிரி. குளித்தலைப் பக்கம் எதிர்க்கரை தூரத்தில் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரியும். வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அடுத்தது முக்கொம்பு. காவிரியின் தலையெழுத்தே இங்கேதான் இருக்கிறது.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் தாழ்வானது, நேரானது, சரிவும் அதிகம். தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடப் பார்க்கும். காவிரிப் பக்கம் மணல் மேடு ஏறிக்கொண்டே போகும். அப்படியே விட்டால் தண்ணீர் முழுவதும் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்விடும், தஞ்சாவூர் வயல் காயும். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. 1836ல் ஆர்தர் காட்டன் என்ற இளம் எஞ்சினியர் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் கட்டினார். அப்போது அவருக்கு வயது 33. பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டைக் கட்டியவரும் இவர்தான். அந்தப் பக்கம் இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறார்கள்.

மணல் ஆற்றில் அணை கட்டும் தைரியம் காட்டனுக்கு எங்கிருந்து வந்தது? பதில் கொஞ்ச தூரம் கிழக்கே இருக்கிறது. பிரிந்த இரண்டு ஆறுகளும் தீவின் முடிவில் மறுபடி கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளும் இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் தடுப்பது கல்லணை. ஆயிரம் அடிக்கு மேல் நீளம், பாம்பு மாதிரி வளைந்த அமைப்பு. பெரிய கற்களைப் போட்டார்கள், அவை மணலில் அமிழ்ந்தன. மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தார்கள், ஒரு கட்டத்தில் அமிழ்வது நின்றது. இடையில் பூசியது களிமண். இந்த வித்தையை இங்கேதான் கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதியிருக்கிறார்.

கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவன் காவிரிக்குக் கரை எழுப்பியதைப் பிற்காலச் செப்பேடுகள் பெருமையாகச் சொல்கின்றன. நாம் கொண்டாடுவது அணையை, அந்தப் பழைய செப்பேடுகள் கொண்டாடுவது கரையை! என் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் பிடிபட ஆரம்பித்தது.

மீதியைச் சொன்னவர் ஒரு பெரியவர். கல்லணைக்குக் கீழே ஒரு டீக்கடையில் பார்த்தேன். லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவர், அதாவது மதகைத் திறந்து மூடி, கரையைச் சுற்றிப் பார்க்கும் வேலை. "கரைங்கிறது மண்ணு தம்பி. நண்டு வளை ஒண்ணை அடைக்காம விட்டாலும் ராத்திரியில உடைப்பு எடுத்துக்கும். வெள்ள நேரத்துல லாந்தரோட நடப்போம்" என்றார். "எத்தனை வருஷம் ஐயா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "நான் நடந்ததை மட்டும் கேக்கிறியா, எங்கப்பா நடந்ததையும் சேத்தா?" என்றார்.

கரையைக் காப்பது முன்பு ஊர் வேலை. குடிமராமத்து என்று பெயர். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். 1858ல் ஆங்கில அரசு இதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே போட்டது. ஊர் வழக்கம் சட்டமானது, பிறகு பொதுப்பணித்துறையின் பொறுப்பானது, ஊர் கையிலிருந்து மண்வெட்டி மெதுவாக நழுவியது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது.

2018ஐ மறக்க முடியுமா? பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடகம் தரவேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25ஆகக் குறைத்தது. ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் வழக்காடினோம். அதே வருடம் ஆகஸ்டில் கேட்காமலேயே வெள்ளம் வந்தது. திருச்சியில் 1928ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. மணல் அள்ளியதுதான் காரணம் என்று பலர் குற்றம்சாட்டினார்கள். சில நாளில், ஆகஸ்ட் 22 அன்று, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. காட்டன் கட்டி 182 வருடம் ஆகியிருந்தது. தண்ணீர் வாங்கச் செய்த செலவில் எத்தனை பங்கு, வந்த தண்ணீரைப் பிடித்துவைக்கச் செய்தோம்?

எங்கள் அக்கவுண்டன்சியில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. கட்டடம் கட்டினால் மூலதனச் செலவு, வருடா வருடம் இருப்புநிலைக் குறிப்பில் பெயர் இருக்கும். ரிப்பேர் செய்தால் வருவாயினச் செலவு, அந்த வருட லாப நட்டக் கணக்கோடு காணாமல் போகும். வரலாறும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறது. கரிகாலன், காட்டன், ஸ்டான்லி எல்லோரும் இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறார்கள். லாந்தரோடு நடந்தவர்கள் அந்தந்த வருடத்தோடு முடிந்துவிட்டார்கள். ஆனால் அவர்களில் ஒரு தலைமுறை நடக்காமல் விட்டிருந்தால் மற்ற மூவரின் சொத்தும் மணலுக்குள் போயிருக்கும்.

வழி பூம்புகாரில் முடிகிறது. பட்டினப்பாலை காட்டும் அந்தத் துறைமுகத்தில் சோழனின் புலி முத்திரை குத்தித்தான் சரக்கு வெளியே போகும். அதுவும் கடலோடு போய்விட்டது. குளித்தலையில் கண்ணுக்கு எட்டாத அகலம் இருந்த ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து கடலில் கலக்கிறது. இதைப் பார்த்து வருத்தப்பட வேண்டியதில்லை. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு அப்படித்தான் இருக்கும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெல்மெட் போடுங்கள், கரைச் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். ஆற்றை மட்டும் பார்க்காமல் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் மண்ணையும் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு கூடையையும் யாரோ ஒருவர் தலையில் சுமந்து வந்து கொட்டியிருக்கிறார்.