பூட்டும் நம்முடையது, சாவி யாரிடம்?



இரண்டு மாதமாக என் பதிவு எதுவும் காணவில்லையே, சாருக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. போனைத்தான் பூட்டி வைத்திருக்கிறேன். இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை முகநூலும் யூடியூபும் திறக்காது. பகலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான்.

ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த பெரியவரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் ஓலைக் கொட்டகையாக இருந்த காலம், 92 வெள்ளத்தில் பதிவேடுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் காப்பாற்றிய கதை, எந்த வாத்தியார் எந்த ஊரிலிருந்து ஆற்றைக் கடந்து நடந்து வந்தார் என்பது வரை எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஓய்வு பெற்ற அன்றே பள்ளியின் வரலாற்றை எழுதப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "வாங்க சார்வாள், நான் எங்க போயிரப் போறேன்" என்றார். நோட்டும் வாங்கி வைத்தேன். மூன்று வருடம் போகவே இல்லை. போன ஆண்டு அவர் போய்விட்டார். துட்டி கேட்டுவிட்டு வந்த இரவு, போனில் நாம் எவ்வளவு நேரம் செலவழிக்கிறோம் என்று காட்டும் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒரு நாளைக்குச் சராசரி 4 மணி 50 நிமிடம். எனக்கு நேரமில்லை என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே மூன்று வருடம்.

எதைத் தொட்டாலும் அதன் பூர்வோத்திரத்தைத் தேடுவது என் பழக்கம், உங்களுக்கே தெரியும். இந்தப் பூட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

நான் பையனாக இருந்தபோதும் கவனத்தைக் கெடுக்கப் பொருள் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலி போட்டுவிட்டால் வீட்டுப்பாடம் அவ்வளவுதான். 1963-ல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் இருந்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்தபின், நம் பக்கத்து மொட்டை மாடிகளில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு அந்தப் படத்தைப் பிடித்தார்கள். படம் பாதி, புள்ளி பாதி. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. நிலையத்தை மூடுவார்கள். பத்திரிகையின் கடைசிப் பக்கம் வந்துவிடும். நாம் நிறுத்த வேண்டியதில்லை, அதுவே நின்றுவிடும்.

1995 ஆகஸ்ட் 15-ல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதை முதலில் பார்த்தது பிரௌசிங் சென்டரில்தான். ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து பிளஸ் டூ ரிசல்ட் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம் ஓடும். கொடுத்த காசு தீர்ந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். யோசித்துப் பார்த்தால், இணைய நேரத்தை அளந்து பூட்டும் மென்பொருளை நாம் முதலில் சந்தித்தது அங்கேதான். கடைக்காரர் அதைப் போட்டது தன் வருமானத்துக்காக. நமக்கு வாய்த்தது ஒரு மதகு. தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போனாலும், வாய்க்காலுக்கு வேண்டியது மதகைத் தாண்டித்தானே வரும்?

அந்த மதகு இரண்டு தடவையில் உடைந்தது. 2006-ல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கத்தின் அடிக்குப் போனதும் அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் முறையை உண்டாக்கினார். கடைசிப் பக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இந்தியாவில் டேட்டா விலை தரைக்கு இறங்கியது. முடிவும் இல்லை, காசும் இல்லை.

நம் பக்கம் மதகு உடையுமுன்னே, மற்ற நாடுகளில் சிலர் தங்களுக்குத் தாங்களே பூட்டுச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 2007-ல் லீச்பிளாக் வந்தது. நாம் எழுதிக் கொடுக்கும் இணையதளங்களை, நாம் சொல்லும் நேரத்தில் மறைக்கும். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஃப்ரெட் ஸ்டட்ஸ்மன் ஃப்ரீடம் என்ற நிரலை எழுதினார். பெயர் சுதந்திரம், செய்வது சிறை. 8 மணி நேரம் வரை கணினியின் இணையத்தையே அறுத்துவிடும். நடுவில் வேண்டுமென்றால் கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். அந்தச் சிறிய தொந்தரவும் வெட்கமும்தான் அதன் பலம். 2009-ல் ஸ்டீவ் லாம்பர்ட் என்ற கலைஞரும், அப்போது பள்ளி மாணவனாக இருந்த சார்லி ஸ்டிக்ளரும் சேர்ந்து செல்ஃப்கன்ட்ரோலை வெளியிட்டார்கள். இது இன்னும் கடுமை. கணினியை அணைத்தாலும் திறக்காது, நிரலையே அழித்தாலும் திறக்காது, வைத்த நேரம் முடிந்தாக வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் இதைச் செய்தான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்! இங்கிலாந்து எழுத்தாளர் ஸேடி ஸ்மித் 2012-ல் வந்த தன் நாவலின் நன்றியுரையில் இந்த இரண்டு நிரல்களுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். நாம் புத்தகத்தில் மனைவிக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி சொல்வோம், அந்த அம்மா பூட்டுக்குச் சொன்னார்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. கிரேக்கக் காப்பியத்தில் ஒடிசியஸ், கடற்கன்னியரின் பாட்டைக் கேட்டால் கப்பல் பாறையில் மோதும் என்று தெரிந்து, மாலுமிகளின் காதை மெழுகால் அடைத்து, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னான். நான் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்பது அவன் கட்டளை. 2005-ல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங், மனிதன் தன்னைத்தானே இப்படிக் கட்டிப்போடுவதைப் பற்றி 1970-களிலேயே எழுதினார். காலையில் உறுதி எடுக்கிற ஆளும் இரவில் தடுமாறுகிற ஆளும் ஒரே உடம்புக்குள் இருக்கும் இரண்டு பேர் மாதிரி என்பது அவர் பார்வை.

இதைப் படித்தபோது எனக்கு ஒடிசியஸைவிட நம் கொடைதான் நினைவுக்கு வந்தது. கால்நாட்டிவிட்டால் ஊரை விட்டுப் போய் வெளியே இராத் தங்கக் கூடாது என்பார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காப்புக் கட்டியவர் சூரசம்ஹாரம் முடிந்து அவிழ்க்கும்வரை விரதத்தை விடமாட்டார். காப்பு வெறும் மஞ்சள் கயிறுதான், கத்தரிக்கோல் போதும் அறுக்க. ஆனால் கையில் அது இருப்பதைத் தெருவே பார்க்கிறது. டீக்கடையில் ஆம்லெட் கேட்டால் கடைக்காரரே, "ஏல, காப்புக் கட்டிட்டு என்ன கேக்க?" என்பார். அவிழ்க்கிற நேரம் நம் கையில் இல்லை. ஒடிசியஸுக்கு மாலுமிகள், நமக்குத் தெரு.

2018-ல் பெரிய கம்பெனிகளும் இந்த வேலைக்கு வந்தன. மே மாதம் கூகுள் டிஜிட்டல் வெல்பீயிங்கை அறிவித்தது, செப்டம்பரில் ஆப்பிள் ஸ்கிரீன் டைமைக் கொண்டுவந்தது. இதனால் கோடிக்கணக்கானவர்களின் போனில் பூட்டு தானாகவே வந்து சேர்ந்தது, அதை மறுக்க முடியாது. என் 4 மணி 50 நிமிடத்தைக் காட்டியதும் அந்த வகைதான். ஆனால் பூட்டின் குணம் மாறிவிட்டது. ஆப்பிளில் நேரம் முடிந்ததும், எல்லையைப் புறக்கணிக்கலாமா என்று அதே திரையிலேயே ஒரு பொத்தான் கேட்கிறது. மற்றதில் அமைப்புக்குள் போய் இரண்டு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. ஸ்டட்ஸ்மனும் ஸ்டிக்ளரும் பாடுபட்டு அடைத்த ஓட்டையை இவர்கள் கதவாக்கிவிட்டார்கள். கடற்கன்னியே கயிறு விற்றால் முடிச்சு எப்படி இருக்கும்?

அரசாங்கங்களும் பூட்டிப் பார்த்தன. தென் கொரியா 2011-ல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆடத் தடை போட்டது, பத்தாண்டு கழித்து விலக்கிக்கொண்டது. சீனா 2021-ல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறில் ஒரு மணி நேரம் மட்டும் என்றது. நம் தமிழ்நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு இரவு 12 முதல் 5 வரை தடை விதித்து 2025-ல் விதி வந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. தேவையானவைதான். ஆனால் இவை பிறர் போடும் பூட்டு. நான் பேசுவது நாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் பூட்டைப் பற்றி.

அதற்கு நான் கண்ட நல்ல உதாரணம் மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமம். 2022 சுதந்திர தினத்தையொட்டி ஊரே பேசி ஒரு முடிவு எடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலில் சங்கு ஊதும், டிவியையும் போனையும் அணைக்க வேண்டும். 8.30-க்கு மறுபடி ஊதும். நடுவில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் பேசுவார்கள். முதலில் சிரித்தவர்களும் இருந்தார்கள், ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். இதில் மென்பொருளே இல்லை. ஆனாலும் காப்புக் கட்டுவதற்கு மிக அருகில் வருவது இதுதான்.

என் கதைக்கு வருகிறேன். முதல் வாரம் பூட்டின் எண்ணை நானே வைத்திருந்தேன். மூன்றாம் நாளே திறந்துவிட்டேன், கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் என்று சொல்லிக்கொண்டு. இரண்டாம் வாரம் வீட்டுக்காரி போனில் பார்த்தேன். பிறகு எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் எண்ணை மாற்றி வைக்கச் சொல்லிவிட்டேன். ஒருநாள் இரவு நிஜமாகவே ஒரு ரயில் விவரம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "அது பூட்டாத ஆப்பு தாத்தா, அதுல போய்ப் பாருங்க" என்றாள். வாத்தியார் வேலை எங்கள் குடும்பத்தை விட்டுப் போகாது போலிருக்கிறது.

மிச்சமான நேரத்தில் அந்த நோட்டில் 31 பக்கம் எழுதியிருக்கிறேன். பெரியவர் சொல்லியிருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பக்கத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். அவரிடம் மணிக்கயிறு வாங்கி இழுத்துப் பார்த்தவர்கள், அவர் சொன்ன கதை ஏதாவது நினைவில் வைத்திருப்பவர்கள், குறிப்பாக எண்பதுகளில் படித்தவர்கள், கீழே எழுதுங்கள். போனில் சொன்னால் இன்னும் நல்லது, நேரில் வந்தால் காபி உண்டு. கமெண்டுகளை நாளைக் காலை 7 மணிக்கு மேல்தான் பார்ப்பேன். இப்போது மணி 8.52.