எந்த வழியில் கேட்பது?

மலேசியாவின் 'டாட் மை' முகவரி 1987 ஜூனில் பதிவானது. அதே ஆண்டு நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 1034, 1035 ஆவணங்கள் வெளிவந்தன. இணையப் பெயர்களுக்குரிய எண்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் இன்றும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. அந்நாளில் ஒரு கணினிக்குப் பெரும்பாலும் ஒரே வலைதான். அதனால் பெர்க்லி யூனிக்ஸ் மரபில், அந்த விடையைச் சொல்லும் நேம்சர்வர்களின் எண்களை ஒரே கோப்பில் முழுக் கணினிக்கும் பொதுவாக எழுதிவைத்தார்கள். மூன்று வரிக்கு மேல் எழுதினாலும் பயனில்லை. மிமோஸ் 1992இல் ஜாரிங் என்ற இணையச் சேவையைத் தொடங்கியபோதும், 1996இல் டிஎம்நெட் வந்தபோதும் மோடம் வைத்திருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வலை ஒன்று, விடை சொல்பவரும் ஒருவர். சர்வர் அமைப்பவர்கள் பலர் இன்றும் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒற்றை வலைக் காலத்து ஏற்பாட்டை எல்லாக் காலத்துக்குமான விதியாக எடுத்துக்கொண்டதுதான் கோளாறு.

அம்பாங்கில் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரை எண்ணிப் பாருங்கள். ஒரு நெட்வொர்க் கார்டு அலுவலக வலைக்கு, இன்னொன்று இணையத்துக்கு. கணக்கு சர்வரின் பெயர் அலுவலக நேம்சர்வருக்கு மட்டுமே தெரியும். பொதுக் கோப்பில் முதல் வரியாகக் கூகுளின் 8.8.8.8, இரண்டாவதாக அலுவலக நேம்சர்வர் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாமவருக்குத் தெரியாததை இரண்டாமவர் சொல்வார் என்று நம்புகிறவர்கள் ஏராளம். நடப்பது வேறு. "அப்படியொரு பெயரே இல்லை" என்று முதலாமவர் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அவர் வாய் திறக்காமல் இருந்தால்தான், வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, இரண்டாமவரிடம் போகும். ஆகவே கணக்கு சர்வர் கிடைக்காது. போதாக்குறைக்கு அதன் பெயரும் வெளியாருக்குப் போய்விடும். வரிசையை மாற்றிப் போட்டால், இணையப் பெயர் அத்தனைக்கும் அலுவலகத்துப் பெட்டியையே நம்ப வேண்டும். 2017இல் உபுண்டு 17.10 நெட்பிளான் என்ற வலை அமைப்புக் கருவிக்கு மாறி, நேம்சர்வரை ஒவ்வொரு கார்டின் கீழும் எழுத வைத்ததைப் பலர் வீண் தொல்லை என்றார்கள். எனக்கு அது காலம் தாழ்ந்து வந்த நியாயமாகவே படுகிறது.

மறுப்பு இல்லாமல் இல்லை. சர்வர் என்றால் நடத்தை மாறாமல் இருக்க வேண்டும். ஏதோ ஒரு கார்டுக்கு, எண்களைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி கொண்டுவந்த நேம்சர்வர் எண் எல்லாவற்றையும் புரட்டிவிடக் கூடாது. ஒரே இடத்தில் இருந்தால் சரிபார்ப்பதும் எளிது. ஒற்றைக் கார்டுள்ள வாடகை சர்வருக்கு இதை முழுதாக ஏற்கிறேன். இரண்டு வலை வந்ததும் இந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. அதேசமயம், கார்டுவாரியாக எழுதிவிட்டால் மட்டும் தீர்ந்துவிடாது. எந்த டொமைன் எந்தக் கார்டுக்கு என்று சொல்லாவிட்டால், உபுண்டுவில் பெயர்களைத் தேடும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் எல்லாக் கார்டுகளின் நேம்சர்வர்களையும், பொதுவாக எழுதியதையும் சேர்த்தே கேட்கும். பொது வரி கார்டு வரியை வெல்லும் என்பது வெறும் நினைப்பு.

நேம்சர்வரின் எண்ணை எழுதியதால் விடையும் அங்கிருந்தே வரும் என்ற நம்பிக்கையும் மலேசியாவில் 2024 செப்டம்பரில் ஆட்டம் கண்டது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உத்தரவுப்படி, 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது நேம்சர்வர்களுக்குப் போகும் கேள்விகளை இணைய நிறுவனங்கள் தங்கள் நேம்சர்வருக்கே திருப்ப வேண்டியிருந்தது. கெடு செப்டம்பர் 30. மேக்சிஸ், டைம் ஆகிய நிறுவனங்கள் அதற்கு முன்பே திருப்பத் தொடங்கியிருந்தன. சூதாட்டத் தளங்கள், ஆபாசத் தளங்கள் போன்றவற்றைத் தடுக்கத்தான் இது என்றது ஆணையம். எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். உத்தரவு சரியா தவறா என்பது தனி வழக்கு. மறையாக்கம் இல்லாத கேள்வியை, அது கடந்து செல்லும் வலையின் சொந்தக்காரர் மடக்க முடியும், கோப்பில் 8.8.8.8 என்று இருப்பது அதைத் தடுக்காது.

இரண்டு கார்டு சர்வர் வைத்திருப்பவர்கள் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். பொதுவாக எழுதியது எது, எந்தக் கார்டுக்கு எந்த நேம்சர்வர், எந்த டொமைன் என்று அது வரிசையாகக் காட்டும்.