ஒரு மெட்டு, பல சாகித்தியம்: நந்தனார் சரித்திர வர்ணமெட்டுகளின் அரசியல் மறுவாழ்வு

பலரும் அறிந்த பாடலொன்றின் இராகம், தாளக்கட்டு, எடுப்பு ஆகியவற்றை மாற்றாமல் அவற்றின்மேல் புதிய சாகித்தியம் இயற்றுவது தமிழ்க் கீர்த்தனை மரபில் நெடுங்காலம் வழங்கிவந்த முறையாகும். அவ்வாறு எடுத்தாளப்படும் மூலப் பாடலின் இசைவடிவம் வர்ணமெட்டு எனப்பட்டது. ஜமைக்காவின் ரெகே இசையில் ‘ரிடிம்’ எனப்படும் ஒரே வாத்தியப் பின்னணியின்மேல் பல பாடகர்கள் தத்தம் பாடல்களைப் பாடுவது இதற்கு நெருங்கிய வழக்கம். 1967இல் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்தில் பதிவான ‘ரியல் ராக்’ அத்தகையது. ஆனால் ரிடிமில் பொதுவாக நிற்பது பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் இடும் அடித்தளம். வர்ணமெட்டில் பாடும் மெட்டே பொது என்பதால், மூலத்தை அறிந்தவருக்குப் பழைய சொற்களும் உடன் நினைவுக்கு வரும்.

அந்த நினைவைப் பொருட்படுத்தாத எடுத்தாளுகையும் காவிரிப் படுகையில் உண்டு. திருவாரூர் முத்துசாமி தீட்சிதர் ஐரோப்பிய பேண்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நொட்டுஸ்வரம் எனப்படும் அவற்றுள் ஒன்று ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அம்பிகையைப் பாடுகிறது. அரசரைப் பாடிய மெட்டு என்பதற்கு அக்கீர்த்தனையின் பொருளில் இடமில்லை. மூலத்தின் நினைவையே பயன்படுத்திய எடுத்தாளுகைக்கு நந்தனார் சரித்திர மெட்டுகள் வழிவிட்டன.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலவுடைமையாளரைப் படைத்தார். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போக விடைகேட்கும் பண்ணையாள் நந்தனை வேதியர் முதலில் கடிந்து மறுக்கிறார்; பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போகுமாறு பணிக்கிறார். வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர் கொண்ட தஞ்சை நில அளவு. மிராசுதாரும் பண்ணையாளும் எதிரெதிர் நின்ற இப்பகுதியின் வயல் வாழ்வே அதனால் கதையின் களமாயிற்று. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் முதலியோரின் கதாகாலட்சேபங்கள் வழியே அதன் மெட்டுகள் ஊர்தோறும் பரவின.

சுதேசி இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய பாரதியார் இம்மெட்டுகளைப் பாத்திரங்களோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். ‘தொண்டு செய்யும் அடிமை’ என்னும் பாடல், வேதியர் நந்தனைக் கடியும் பாட்டின் மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியரை நோக்கி ஆங்கிலேய உத்தியோகஸ்தர் கூறுவதாக அமைந்தது. நந்தனின் போக்கு தம் சாதிக்கு அடுக்குமோ என்று உறவினர் இடித்துரைக்கும் பாட்டின் மெட்டில், நிதானக் கட்சியார், அதாவது காங்கிரஸின் மிதவாதிகள், திலகரை இடித்துரைக்கின்றனர். ‘ஓய்’ என்னும் விளியும் மாறாமல் நிற்க, நந்தனாரின் பெயர் இருந்த இடத்தில் திலகரின் பெயர் அமர்கிறது. சேரியார் திகைத்துப் பாடும் பாட்டின் மெட்டு ‘நாம் என்ன செய்வோம்’ என்னும் பாடலில் மிதவாதிகளின் திகைப்பாகிறது. ஆண்டையின் இடத்தில் ஆங்கிலேயரும், அஞ்சும் சுற்றத்தாரின் இடத்தில் மிதவாதிகளும், நந்தனின் இடத்தில் திலகரும் சுயராஜ்யம் கேட்பவரும் நிற்பதாக ஒரு முழு நாடகமே இவ்வாறு இடம்பெயர்ந்தது.

இம்மூன்று பாடல்களிலும் பேசுவோர் எதிர்ப்பவரும் அஞ்சுவோருமே. இப்பாடல்களுக்குள் அவர்களுக்கு மறுமொழி இல்லை. கதாகாலட்சேபத்தில் பழகிய செவிக்கு அது தேவைப்படவுமில்லை: வேதியர் இறுதியில் நந்தனின் காலில் விழுந்ததையும் நந்தன் தில்லையை அடைந்ததையும் அந்தக் கேட்போர் முன்பே அறிந்திருந்தனர்; அரசியல் வாதத்தின் முடிவை மெட்டின் பொறுப்பில் விட்டுவிடக் கவிஞரால் இயன்றது அதனாலேயே.